இருபது எடுப்புக்கு ஒருமுறை

வளவன் மூன்றாவது முறையாக வண்டியின் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். தார் போல இருந்தது; விரலில் தேய்த்தால் நறநறத்தது. உள்ளே நைனாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

செஞ்சியில் பதினாறு வருடம் அமரர் ஊர்தி ஓட்டியவர் அவன் அப்பா பெரியதம்பி. இன்று அதே வண்டியில் அவரை ஏற்ற வேண்டும்.

ஒவ்வொரு சாவுக்கும் கதவின் உட்புறம் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். இருபது ஆனதும் ஆயிலை மாற்றிவிட்டு, ஈரத்துணியால் கோடுகளைத் துடைப்பார். அது வீண் செலவு என்று வளவன் ஒருமுறை வாதாடியிருக்கிறான்.

"அஞ்சாயிரம் கிலோமீட்டர்னு புக்குல போட்டுருக்குது நைனா. ஆயிரங்கூட ஓடல."

"புக்கு எழுதுனவன் சாவு வண்டி ஓட்டுனானா? மேளத்துக்குப் பின்னால மூணு மணி நேரம் ஃபர்ஸ்ட் கியர்ல ஊருது. மீட்டர் நகராது, இன்ஜின் வெந்துடும்."

அவர் நோயில் படுத்த பிறகு முடிவு வளவனுடையதானது; ஆயிலை அவன் மாற்றவில்லை. கோடுகளை மட்டும் விடாமல் போட்டுவந்தான். இப்போது முப்பத்தொன்று. காலையில் வண்டியை வாசலுக்கு எடுத்தபோது இன்ஜினுக்குள் ஏதோ தட்டியது.

கடைத்தெருவில் நின்றுவிட்டால்? நைனாவை உள்ளே வைத்துக்கொண்டு ஆட்கள் தள்ள வேண்டி வந்தால்?

சித்தப்பா தேவேந்திரன் வந்தார். "இன்னாடா பண்ற? பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்."

"அரமணி நேரம் குடு சித்தப்பா. ஆயில் மாத்திடறேன்."

"இன்னிக்கா? அண்ணன் எத்தினி தபா சொல்லிச்சு."

வளவன் வண்டிக்கு அடியில் நுழைந்தான். சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பழைய பேசினை உள்ளே தள்ளினார்.

"மேளக்காரங்கள இன்னொரு ரவுண்டு அடிக்கச் சொல்றேன்."

நைனா வாங்கிவைத்த ஆயில் டப்பா ஐந்து மாதமாக சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது. ஊற்றி ஸ்டார்ட் செய்தபோது தட்டல் குறைந்திருந்தது. முழுதாகப் போகவில்லை.

கடைத்தெரு முழுக்க அவனுக்குப் பறையும் கேட்கவில்லை, அழுகையும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் கொஞ்சம் ஏறியது. முள் அங்கேயே நின்றது. சுடுகாட்டு வேப்பமரம் தெரியும்வரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வாய்க்கரிசி போட அழைத்தார்கள்.

"கைய கழுவலியா?"

"கழுவுனேன் சித்தப்பா. ஆயில் கறை போவல."

எல்லாம் முடிந்து வண்டிக்குத் திரும்பியதும், ஈரத்துண்டால் கதவின் கோடுகளைத் துடைத்தான். சாக்பீஸை எடுத்தவன் தயங்கினான்.

"இதயும் சேக்கணுமா சித்தப்பா?"

பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டிருந்தவர் உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்தினார்.

"அண்ணன் யாரையும் விட்டதில்ல."

வளவன் ஒரு கோடு போட்டான். வெள்ளையில் அவன் விரலின் கறுப்பும் ஒட்டியிருந்தது.