மீன் லாரிக்குள் ஒரு துடிப்பு

மீன் லாரியில், ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால், ஓட்டுநரின் மச்சான் ஒளிந்திருந்தான். முன்பெல்லாம் அக்கா கையெழுத்துப் போட்டால் தம்பி எல்லை தாண்டி வந்துவிடலாம். புதுச் சட்டப்படி தம்பி குடும்பத்தில் சேர்த்தியில்லை.

சோதனைச் சாவடியில் இன்ஜினையும் குளிர்சாதனத்தையும் அணைக்கச் சொன்னார்கள். சோதனைக்காரப் பெண் காந்தம் வைத்த உணரிகளை சேஸிஸில் ஒட்டினாள். இதயம் ரத்தத்தைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் உடம்பு துளி அசைகிறது. அந்த அசைவு உட்கார்ந்திருக்கும் பலகை வழியாக இரும்புக்கு இறங்கும். உணரி அதைப் பிடித்துத் திரையில் கோடாக வரையும். ஆளில்லாத வண்டி என்றால் கோடு செத்த பாம்பாய்க் கிடக்கும்.

இந்தக் கோடு கன்னாபின்னாவென்று துள்ளியது.

"உள்ள என்னண்ணே?"

"மீன் மேடம்."

"டான்ஸ் ஆடுற மீனா?"

ஓட்டுநர் சிரிக்கப் பார்த்தார். வாய் ஒத்துழைக்கவில்லை. அவள் பக்கத்து வரிசையை எட்டிப் பார்த்தாள்.

"பக்கத்து லாரி இன்ஜின் ஓடுது, அந்த ஆட்டமா இருக்கும். அது போகட்டும், மறுபடி பாக்கலாம்."

காத்திருக்கையில்தான் அவருக்குச் சுருக்கென்றது. வரிசை நீளமென்றால் மீன் ஓட்டுநர்கள் முன்கூட்டியே குளிரைக் கூட்டிவிடுவார்கள். சாவடியில் அணைத்தாலும் சரக்கு தாங்கும். இன்றும் கை தன்பாட்டுக்குக் குளிர்சாதனக் குமிழைத் திருகியிருந்தது.

பக்கத்து லாரி போனது. இப்போது கோட்டில் சின்ன மேடு, நீண்ட இடைவெளி, மறுபடி சின்ன மேடு.

"மனுஷன்னா பயத்துல படபடன்னு அடிக்கும். இது ஐஸ் தண்ணி சொட்டுறது. கிளம்புங்கண்ணே."

தடுப்புக்கட்டை உயர்ந்தது.

அவர் ஏறவில்லை. குளிர்கிடங்குக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது: நடுங்கும்வரை உடம்பு சூட்டுக்காகப் போராடுகிறது, நடுக்கம் நின்றால் தோற்கிறது, இதயமும் மெதுவாகிறது. முதலில் துள்ளியது பக்கத்து இன்ஜின் இல்லை.

"என்னண்ணே, பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க!"

"சொட்டுற தண்ணி இல்ல மேடம். என் பொண்டாட்டியோட தம்பி."

இரும்புக் கம்பியால் பின்கதவின் முத்திரையை உடைத்தார். பெட்டிகள் சரிந்தன. மச்சானின் உதடு நீலம் பாரித்திருந்தது. அந்தப் பெண் ஆம்புலன்ஸுக்குக் கத்திக்கொண்டே தன் கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தினாள். காவலர் ஒருவர் ஓட்டுநரின் கையைப் பிடித்தார்.

"மாமா... தாண்டிட்டோமா?"

"தாண்டியாச்சுடா. கண்ண மூடாத, பேசிட்டே இரு."