ரிபேகா பாதியில் விட்ட பாட்டு

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. என் சித்தி மகள் ரிபேகா ஒரு பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு நின்றாள். பிள்ளை உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று மண்டபமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. அதை எங்காவது இறக்கி வைக்க வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'நியூசிலாந்தின் கிழக்குக் கரையில், மழை விடாத ஒரு சிற்றூரில், ஒரு சிறுமி பந்தோடு ஓடினாள்...' வேண்டாம். எங்கள் ஊரில் எந்தச் சிறுமிதான் ஓடவில்லை?

இரண்டாவது: 'ரிபேகாவின் கழுத்து அவள் தொடையளவு—' இதை அவள் பார்த்தால் என்னைத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் போட்டுவிடுவாள். அவளால் முடியும். அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறாள்.

சரி, நேராகவே சொல்கிறேன். ரிபேகா தொழில்முறை ரக்பி ஆட்டக்காரி; பந்து கோட்டுக்கு வெளியே போனால் அதைத் திரும்ப உள்ளே எறிந்து கொடுப்பது அவள் வேலை. நான் அதே அணியில், ஆட்டத்துக்கு முன்பு பெண்களின் கணுக்காலுக்கும் தொடைக்கும் பட்டை சுற்றிவிடுகிறவள்.

2

அணியின் சம்பள ஒப்பந்தம் கைக்கு வரும்வரை அவள் மீன் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினாள். அதற்கு முன்பெல்லாம் பெண்கள் சும்மாதான் ஆடினார்கள், பஸ்ஸுக்குக்கூட அவர்களே காசு போட்டு. இப்போது அவளுக்கு வயது முப்பத்தொன்று. நாட்டுக்கு ஆடுகிறவர்கள் போடும் அந்தக் கறுப்புச் சட்டையை ஒரே ஒரு தடவை போட்டுவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை.

(வேறு ஆசை இல்லை என்பது பொய். என் சமையலறையில் இருக்கும் பெரிய அண்டா மேல் அவளுக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.)

அரையிறுதியில் எதிரணிக்காரியின் முழங்கால் அவள் தலையில் பட்டது. எங்கள் அணி டாக்டர் லோர்னா உடனே வெளியே அழைத்து வந்து சோதித்தார். சில சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்தார். மாதங்களைக் கடைசியிலிருந்து சொல்லச் சொன்னார். ஒற்றைக் காலில் நிற்க வைத்தார். ஆட்டப் பருவம் தொடங்கும் முன்பு இதே சோதனையை எல்லோருக்கும் ஒருமுறை வைத்திருப்பார்கள். அதில் எப்படிச் செய்தாளோ அப்படியே இப்போதும் செய்தால் தலைக்கு ஒன்றுமில்லை என்று கணக்கு. ரிபேகா அப்படியேதான் செய்தாள். திரும்பக் களத்துக்குப் போனாள். ஜெயித்தோம்.

3

சாயங்காலம் எங்கள் ரக்பி மன்றத்து மண்டபத்தில் இரண்டு அணிக்கும் சாப்பாடு. எங்கள் கேப்டன் எழுந்து எதிரணிக்கு நன்றி சொன்னாள். இந்த ஊர் வழக்கப்படி, ஒருவர் பேசி முடித்தால் அவருடைய ஆட்கள் எழுந்து பாட வேண்டும். பாடாமல் உட்கார்ந்திருந்தால் பேசியவரை நடுத்தெருவில் விட்ட மாதிரி. எங்கள் அணியில் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் ரிபேகா.*

(* பாட்டை இங்கே எழுத மாட்டேன். அது அவள் அப்பா வீட்டுப் பாட்டு. கேட்க வேண்டுமானால் நேரில் வாருங்கள்.)

முதல் வரியை எடுத்தாள். குரல் கணீரென்று வந்தது. இரண்டாம் வரியில் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. மன்றத்துச் சமையலைப் பார்க்கும் ஹூயியா ஆன்ட்டி, பந்திக்கரண்டியும் கையுமாக, சட்டென்று பாட்டை வாங்கிக்கொண்டார். எல்லோரும் சேர்ந்து பாடினார்கள், சிலர் அழுதார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் அவளைப் பிடித்தேன்.

"பாட்டு மறந்துபோச்சா?"

"அழுகை வந்துருச்சுக்கா."

"நீ அழுதா மூக்கு தக்காளியாட்டம் சிவக்கும். யார்கிட்ட விடுற கதை?"

அவள் காரில் சாய்ந்துகொண்டாள். "நாலு வயசுலேர்ந்து பாடுறேன். அந்த இடத்துல வெறும் வெள்ளையா இருந்துச்சு."

"டாக்டர் ஒண்ணுமில்லைன்னாங்களே."

"ஆரம்பத்துல வச்ச சோதனையில வேணும்னே சொதப்புனேன். அப்பதானே அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாது. நான் மட்டுமில்ல, நிறைய பேரு செய்றதுதான்."

"கெட்டிக்காரிதான் போ."

"அடுத்த சனிக்கிழமை இறுதி ஆட்டம். நாட்டு அணிக்கு ஆள் எடுக்குற தேர்வாளருங்க வர்றாங்க. இதை விட்டா என்னை யாருக்கா கூப்புடுவா?"

எனக்குப் பயமாக இருந்தது, அதைச் சொன்னேன்.

4

[முடிவு: முதல் வரைவு. 'கடைசி நிமிடம். ரிபேகா பந்தை எறிகிறாள். தோழிகள் தூக்கிப் பிடித்த உயரக்காரி அதைப் பறிக்கிறாள். எல்லோரும் ஒன்றாய் முட்டித் தள்ளிக் கோட்டைத் தாண்ட, மக்கள்—']

இதை அவளிடம் காட்டினேன். மெனக்கெட்டு எழுதியது.

"நல்லாத்தான் இருக்கு. அத்தனையும் புளுகு," என்றாள்.

"கதைன்னா அப்படித்தான்."

"அப்ப என் பேரை எடுத்துட்டு உன் பேரைப் போட்டுக்கோ."

நடந்தது வேறு. திங்கட்கிழமை காலையில் அவளே டாக்டர் லோர்னாவின் அறைக்குப் போனாள், துணைக்கு நானும்.

"டாக்டர், ஆரம்பத்துல நான் ஏமாத்திட்டேன். இப்ப என் வீட்டுப் பாட்டே எனக்கு வரலை."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"இந்த வருஷம் நீங்க இனி ஆட முடியாது, ரிபேகா. தெரியும்ல?"

"தெரிஞ்சுதான் வந்தேன்."

"வந்ததுக்கு நன்றி. உட்காருங்க, முதல்ல தலையைப் பார்ப்போம்."

இறுதி ஆட்டத்தில் அவள் தண்ணீர் பாட்டில் தூக்கினாள். அவளுக்குப் பதிலாக ஆடிய பெண் பிசகாமல் எறிந்தாள். ஜெயித்துவிட்டோம். அதுதான் ரிபேகாவுக்கு ரொம்ப வலித்தது. கறுப்புச் சட்டைக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். ரிபேகா அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள், பிறகு உடைமாற்றும் அறையில் என் தோளில் விழுந்து அழுதாள். மூக்கு தக்காளிதான்.

(இங்கே 'ஆனாலும் அவள் மனம் நிறைந்திருந்தது' என்று எழுதி அடித்தேன். நிறையவில்லை. மூன்று மாதம் யாரோடும் பேசவில்லை. அண்டாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கும் சிரிக்கவில்லை.)

5

மழைக்காலம் போய்க் கோடை வந்தது. ஒருநாள் அவள் வீட்டு வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம், கூடவே பாட்டு. முதல் வரி. இரண்டாம் வரி. மூன்றாவதும். நான் உள்ளே போகவில்லை, அங்கேயே நின்று முழுக்கக் கேட்டேன்.

பருவம் தொடங்கும் முன்பு இந்த ஆண்டும் அந்தச் சோதனை நடந்தது. இந்தமுறை உண்மையாகச் செய்தாள். "பார்த்தியா, நான் எவ்வளவு புத்திசாலின்னு எனக்கே இப்பத்தான் தெரியுது," என்று ஒரு வாரம் எங்கள் உயிரை வாங்கினாள்.

இன்று முதல் ஆட்டம். தேர்வாளர் ஒருவர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துத் தின்றுகொண்டிருக்கிறார். சற்று முன்பு அவள் கணுக்காலுக்குப் பட்டை சுற்றும்போது கேட்டேன்:

"கதையை எப்படிடி முடிக்க?"

"முடிக்காத. நான் இன்னும் ஆடிட்டுத்தானே இருக்கேன்."

இதோ, பந்து வெளியே போய்விட்டது. ரிபேகா கோட்டருகே வந்து நிற்கிறாள். உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்கிறாள். பந்தைத் தலைக்கு மேலே தூக்குகிறாள்.

எறிந்துவிட்டாள்.

நான் பேனாவை மூடுகிறேன், ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். பந்து இன்னும் மேலேதான் இருக்கிறது. நீங்களும் கொஞ்சம் சத்தம் போடுங்கள், அவளுக்குக் கேட்கட்டும்.