பச்சை விளக்கு எரிகிறது, சத்தத்தைக் காணோம்

பல் மருத்துவரின் வரவேற்பறையில் பதினோரு வருடமாக "அடுத்தவங்க வாங்க" என்று சொல்லிச் சொல்லிச் சலித்த குரல் என்னுடையது. பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் நூலகம் ஒன்று குரல் தேடியது. மாதிரிப் பதிவை இன்று பகல் பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும். அந்த வேலை எனக்குத்தான் கிடைக்க வேண்டும் என்று அத்தனை ஆசை.

மைக்கும், அதைக் கணினியோடு இணைக்கும் யுஎஸ்பி பெட்டியும் வாங்கியாகிவிட்டது. குறுக்கே நின்றது என் வீட்டுக்காரர்தான். மடிக்கணினியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இயங்குதளத்தைத் தூக்கிவிட்டு லினக்ஸ் என்று வேறொன்றைப் போட்ட புண்ணியவான் அவர். வேலியில் போகிற ஓணானைக் கண்டால் சும்மா விடமாட்டார்.

பத்து மணிக்குப் பெட்டியைச் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. நான் வாசித்தேன். திரையில் ஒலி அளவைக் காட்டும் கோடு அசையவே இல்லை.

"பொட்டி லிஸ்ட்ல இருக்கு பாரு. கம்ப்யூட்டருக்கு அது தெரியுது," என்றார் பெருமையாக.

"தெரிஞ்சு என்ன பண்றது? காது கேக்கலையே!"

கறுப்புத் திரையில் என்னென்னவோ தட்டினார். இணையத்தில் ஒருவர் சொன்னதைச் செய்தார். இன்னொருவர் சொன்னார் என்று அதையே நீக்கினார். மூன்று முறை கணினியை அணைத்துப் போட்டார். நான் ஆறு முறை வாசித்தேன். பதினொன்றரைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒலி அமைப்பை நானே திறந்தேன். எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்று காட்டும் இடத்தில் பெட்டியின் பெயர் இல்லை. மடிக்கணினிக்குள் இருக்கும் மைக்தான் இருந்தது, அதன் மேல் சிவப்பாக ஒரு குறுக்குக்கோடு.

"இத யாரு அடைச்சு வச்சது?"

தலையைச் சொறிந்தார். "யாராச்சும் ஒட்டுக் கேட்டா என்ன பண்றதுன்னு... ரெண்டு வருஷம் முன்னால நான்தான்."

"நம்ம வீட்ல ஒட்டுக் கேக்க என்ன இருக்கு? பால் தீந்துபோச்சுன்னு நான் கத்துறதா?"

அந்த இடத்தைத் தட்டியதும் விரிந்த பட்டியலில் பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். என் பெருமூச்சுக்கே கோடு துள்ளியது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன். போட்டுக் கேட்டோம். கடைசி வரிக்கும் நான் பதிவை நிறுத்தியதற்கும் இடையில், பின்னாலிருந்து மெல்லிய ஆண் குரல்: "அடேங்கப்பா, எப்படிப் படிக்கிறா!"

கல்யாணமான நாளிலிருந்து என் முகத்துக்கு நேரே ஒரு நல்ல வார்த்தை சொல்லி அறியாத மனிதர். காது சிவக்க, "இரு, அத வெட்டிடறேன்" என்று மவுஸைப் பிடித்தார். மணி பதினொன்று ஐம்பது.

"லைப்ரரிக்கு வெட்டி அனுப்புங்க," என்றேன். "வெட்டாதது எனக்கு வேணும்."