பார்க்காமல் இருந்த நேரம்

பேராசிரியர் பக்கத்தில் நிற்க, எலக்ட்ரான் கற்றையை மூடும் பொத்தானை ஆராய்ச்சி மாணவியான அவளே அழுத்தினாள். திரை கறுத்தது. நுண்ணோக்கியின் வயிற்றுக்குள் தூசியிலும் தூசியான ஒரு பேட்டரித் துகள், யார் கண்ணிலும் படாமல் சார்ஜ் ஏறத் தொடங்கியது.

வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் துகள் உள்ளிருந்து விரிசல் விடுகிறது என்பது அவள் கட்சி. ஏறும்போதே படம் பிடித்தும் காட்டியிருந்தாள். பேராசிரியர் மசியவில்லை.

"சார்ஜ் உடைக்கலம்மா. நீ உத்து உத்துப் பாக்கற பாரு, அந்தக் கற்றை அடிச்சுத்தான் உடைஞ்சிருக்கும்."

மறுக்க வழியில்லை. கற்றை விழாமல் அங்கே எதுவும் தெரியாது. அதனால் இன்று தொடக்கத்தில் ஒரு பார்வை, முடிவில் ஒரு பார்வை, நடுவில் இருட்டு. துகள் முழுசாக இருந்தால் அவளுடைய இத்தனை நாள் உழைப்பும் வீண்.

உள்ளே இருப்புக் கொள்ளாமல் நடைபாதைக்கு வந்து அக்காவை அழைத்தாள்.

"பாக்கறதுக்குத்தானடி ஊர விட்டுப் போன? இப்பப் பாக்காம உக்காந்திருக்கியா?"

"பாத்தா கெட்டுடும்க்கா."

"உன் கண்ணு அப்படி. என் புது சைக்கிளைப் பாத்தே பஞ்சராக்கினவளாச்சே."

சிரிப்பு வந்தது. "உடையலன்னா என்னக்கா பண்றது?"

"உடையணும்னு வேண்டிக்கிறவ உலகத்துலயே நீ ஒருத்திதான். இரு, அம்மாவும் வேண்டிக்கிறாங்களாம். எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியாது."

"ஏறி முடிஞ்சது, வா!" என்று கருவியைப் பார்த்துக்கொள்பவர் உள்ளிருந்து குரல் கொடுத்தார். போனுக்கு உள்ளே அனுமதியில்லை. அழைப்பைத் துண்டிக்க மறந்து, வாசல் அலமாரியில் வைத்துவிட்டு ஓடினாள்.

பேராசிரியர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கற்றையைத் திறந்தாள். சாம்பல் மூட்டத்திலிருந்து துகள் எழுந்து வந்தது. விளிம்பு வட்டமாக, கீறலின்றி இருந்தது. குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினாள். நடுவிலிருந்து, முடியைவிட மெல்லியதாக ஒரு கோடு கிளம்பி விளிம்பைத் தொடாமல் நின்றிருந்தது. முன்பு பிடித்த படங்களில் இருந்த அதே மாதிரி விரிசல்.

"கற்றைய எப்ப மூடின?"

"சார்ஜ் போடறதுக்கு முன்னாடியே சார். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க." அவளுக்கே தெரியாமல் முதுகு நிமிர்ந்திருந்தது.

அவர் போய்க் கதவை அகலத் திறந்தார். "எல்லாரும் வாங்க. இந்தப் பொண்ணு ஒண்ணு காட்டறா."

ஒவ்வொருவராகத் தலைகள் கூடின. திரையின் வெளிச்சம் எல்லா முகங்களிலும் சாம்பலாகப் படர்ந்தது. கோட்டின் மேல் விரல் படாமல் அவள் காட்டிக்கொண்டிருந்தாள். வாசல் அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குரல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது: "அடியே, உடைஞ்சுதா இல்லையா?"