கூட்டுக்குள் அடுத்தவர் காசு

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு தலைமயிர்.

காசை உள்ளே வைத்து நாலு பக்கமும் ஒட்டி மூடிய பிளாஸ்ரிக் கூடு அது. காற்றுப் புகாது, ஈரம் புகாது, கள்ளன் கையும் புகாது என்று, காசைச் சோதித்துப் புள்ளி போடும் கொழும்புக் கம்பனிக்காரர் வழவழத் தாளில் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். அதற்குள் ஒரு கறுத்த மயிர் சுருண்டு கிடந்தது. காற்றே புகாத இடத்தில் மயிர் எப்படிப் புகுந்தது என்று என் மகன் நுஸ்கியிடம் கேட்டேன்.

"அது சின்னப் பிழை உம்மா. உத்துப் பாத்தாத்தான் தெரியும்."

நான் உற்றுப் பார்க்கவில்லை. சும்மா பார்த்தபோதே தெரிந்தது. அதன் பிறகுதான் காசைப் பார்த்தேன். அது என் காசே இல்லை.

என் காசு என்றால் என் மஹர். கலியாணத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது. அது அவளுக்கு மட்டும் சொந்தம், கொடுத்த புருஷன்கூடத் திருப்பிக் கேட்க முடியாது. என் நிக்காஹ்வுக்கு ஹலீம் தந்தது ஒரு தங்கப் பவுண். ஒரு பக்கம் ராசாவின் தலை, மறுபக்கம் குதிரைவீரன். என் மாமி அதற்கு வளையம் வைத்து மாலையில் கோத்துப் போட்டிருந்தவர். எனக்குத் தருவதற்காக வளையத்தை வெட்டி எடுத்ததில் ராசாவின் தலைக்கு மேலே ஒரு தழும்பு விழுந்துவிட்டது. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னபோது பிள்ளையின் பால்மா ரின்னுக்குள் அதைப் போட்டுக்கொண்டு போனேன். புத்தளத்து முகாமில் விற்கச் சொல்லாதவர் இல்லை. நான் விற்கவில்லை. தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்தபோது அதுவும் என்னோடு வந்தது. இருட்டில் தடவினாலும் என் விரல் அந்தத் தழும்பைச் சொல்லும்.

கூட்டுக்குள் இருந்ததோ நேற்று அடித்ததுபோல் பளபளத்தது. தழும்பும் இல்லை, தேய்வும் இல்லை. ஆனால் கூட்டின் மேல்பக்கத்தில் இருந்த லேபிளில் என் காசைப் பற்றித்தான் எழுதியிருந்தது: தேய்ந்தது, வளையம் வெட்டிய பழுது உண்டு, ஆகவே புள்ளி கிடையாது. எழுதியவன் என் காசைப் பார்த்திருக்கிறான். உள்ளே போட்டவன் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு சரிபார்த்தவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று அவர்களைப் படைத்தவனுக்குத்தான் தெரியும். எங்கள் ஊர்ப் பேக்கரியில் பாணுக்குள் எறும்பு கிடந்தால் முதலாளி வெட்கத்தில் வேறு பாண் எடுத்துத் தருவான். இவர்கள் தங்கத்தோடு வேலை செய்கிறவர்கள்.

இதை அனுப்பியதே நுஸ்கியின் யோசனைதான். அவனுக்கு றிஸ்மியாவோடு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. என் மஹரை அவனுக்குக் கொடுக்கவேண்டும், அவன் அதையே அவளுக்கு மஹராகக் கொடுக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. "இப்பிடியே குடுக்காம, சோதிச்சுக் கூட்டில போட்டுக் குடுப்பம் உம்மா. பிறகு ஒருத்தராலும் மாத்தேலாது" என்றான். நானும் தலையாட்டினேன். கடைசியில் வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

நான் சத்தம் போட்டதும் வீட்டில் எல்லாரும் ஓடிவந்தார்கள். நுஸ்கி போனில் எதையோ தேடிப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"உம்மா, இது உங்கட காசைவிட எவ்வளவோ விலை கூடினது!"

ஹலீம் கூட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிழை விட்டது அவங்கள். நட்டம் எங்களுக்கில்லை. அல்லா தந்த பறக்கத் எண்டு வச்சுக்கொண்டு பேசாம இரும்" என்றார்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"ஆரோ ஒருத்தரின்ர வீட்டில பிடுங்கி எங்கட வீட்டில போடுறதோ பறக்கத்? இது அடுத்தவை நம்பிக் குடுத்த அமானிதம். இதை உங்கட மகன் மஹர் எண்டு குடுக்கலாமோ? தனக்குச் சொந்தமில்லாததை ஒருத்தன் எப்பிடிக் குடுக்கிறது?"

ஹலீம் கூட்டை என் கையில் வைத்தார். மனசோடு வைக்கவில்லை. மகனின் கண் அந்தக் கூட்டிலேயே இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கம்பனிக்குப் போன் எடுத்தேன். வவுனியாவில் அவர்களுக்காகச் சோதனைக்குக் காசு சேகரிக்கும் சிவகரன் என்ற பொடியன் பேசினான். தேன் ஒழுகும் குரல்.

"எங்கட ஆக்கள் மூண்டு பேர் பாத்துத்தான் மூடுறவை அம்மா. பிழை வர வாய்ப்பே இல்லை."

"மயிர் வர வாய்ப்பிருக்கோ, தம்பி?"

படம் எடுத்து அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். பிறகு பதிலே இல்லை. நானே திரும்பத் திரும்ப அடித்தேன். ஒருநாள் அவனாகவே எடுத்துப் பெரிய சந்தோஷச் செய்தி சொல்வதுபோலச் சொன்னான்.

"அம்மா, கொழும்பில கதைச்சிட்டன். உள்ளுக்கிருக்கிற காசுக்கு ஏத்த மாதிரி புது லேபிள் அடிச்சுத் தருவினமாம். எழுபதுக்கு அறுபத்து நாலு புள்ளி. உங்களிட்ட ஒரு சதமும் எடுக்கமாட்டம்."

காதில் கேட்டதை மனசு எடுக்கவில்லை.

"காசு மாறினதுக்கு லேபிளை மாத்துறியளோ? அப்ப என்ர காசு எங்க?"

"அப்பிடி வேற காசு ஒண்டு எங்கட கணக்கில இல்லையம்மா."

இல்லையாம். முப்பது வருசத்துக்கு மேல் நான் கட்டிக் காத்தது அவர்களின் கணக்கில் இல்லையாம்.

வெள்ளிக்கிழமை நிக்காஹ். அதற்கு முந்திய செவ்வாய் அவர்கள் வவுனியாவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் சோதனைக்குக் காசு வாங்க வருகிறார்கள் என்று அறிந்தேன். காலை பஸ் எடுத்தேன். ஒட்டுசுட்டான் தாண்டும்வரை என்னென்ன கேட்கவேண்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த பிள்ளை நான் ஓதுகிறேன் என்று நினைத்திருக்கும்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். பழைய செப்புக்காசு, வெள்ளிக்காசு என்று ஆட்கள் துணியிலும் ரின்னிலும் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மேசையில் சிவகரன் கழுத்துப்பட்டியோடு இருந்தான். கூட்டை எடுத்து நீட்டியதும் என்னை அடையாளம் கண்டான். சட்டென்று எழுந்து வந்து, "இதில இருங்கோ அம்மா, ஆறுதலாக் கதைப்பம்" என்று ஒரு மறைப்புத் தட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனான். முறைப்பாடு சொல்ல வந்தவர்கள் வரிசையில் நிற்பவர்களின் கண்ணில் படக்கூடாது. அவர்களின் தரக்கட்டுப்பாடு அங்கே நன்றாகத்தான் வேலை செய்தது.

தட்டிக்குப் பின்னால் கதிரையில் எனக்கு முன்பே ஒரு பெண் இருந்தா. என்னைவிடச் சில வயது மூத்தவா. மடியில் ஒரு கடைப்பை. உருத்திரபுரம், பெயர் இராசமலர் என்றா. பெயரைச் சொன்ன கையோடு கோபத்தையும் சொல்லத் தொடங்கிவிட்டா.

"நான் வச்சிருந்தது என்ர மனிசன்ர பவுண், தங்கச்சி. அவர் செத்தும் ஏழெட்டு வருசம். பஞ்சில சுத்தி வச்சது, கண்ணாடி மாதிரி இருக்கும். இவங்களிட்டக் குடுத்தன். திரும்பி வருது, தேஞ்சுபோய், தலைக்கு மேல வெட்டுக்காயத்தோட. ஆனா லேபிளில அறுபத்து நாலு எண்டு போட்டிருக்கு!"

நான் கதிரையை அவாவின் பக்கம் இழுத்தேன்.

"தலைக்கு மேலயோ? ராசான்ர தலைக்கு மேலயோ அக்கா?"

"ஓம். ஏதோ கொளுவி இருந்து வெட்டின மாதிரி. இது என்ர இல்லை எண்டு எத்தனை தரம் சொன்னன். உங்கடதான், உங்கடதான் எண்டு சாதிச்சாங்கள். சரி, என்ர காசைத்தான் இவங்கள் பழுதாக்கிப்போட்டு மழுப்பிறாங்கள் எண்டு நினைச்சன்."

"இப்ப அது எங்க அக்கா?"

அவா பையைத் திறந்து காட்டினா. உடைந்த பிளாஸ்ரிக் துண்டுகள். அவற்றோடு ஒரு லேபிள்.

"போன மாதம் மகனுக்குக் கலியாணம். பழுதான காசை வச்சு என்ன செய்ய? ஆத்திரத்தில கூட்டைக் கோடாலிப் பிடியால அடிச்சு உடைச்சு, பொன்னுருக்குக்குக் குடுத்திட்டன்."

பொன்னுருக்கு என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இந்த மண்ணில்தான் பிறந்தேன். நல்ல நேரம் பார்த்து, சனத்தைக் கூட்டி, அவர்கள் கண்முன்னே ஆசாரி தாலிக்காகப் பவுணை உருக்குவார். என் மஹர் உருகிவிட்டது. இப்போது அது உருத்திரபுரத்தில் ஒரு பெண்ணின் கழுத்தில் தாலியாகக் கிடக்கிறது.

அந்த நேரம் அந்த மனிசியை அடிக்கவேண்டும்போல இருந்தது. பொய் சொல்லக்கூடாது, அப்படித்தான் இருந்தது. பிறகு அவாவின் முகத்தைப் பார்த்தேன். அவா என்ன செய்வா? உன்னுடையதுதான் என்று படித்தவர்கள் அடித்துச் சொன்னதை நம்பினா. என் கண்ணால் தண்ணீர் வந்தது. கூட்டை எடுத்து அவாவின் மடியில் வைத்தேன்.

"இதுதான் உங்கட காசு. நீங்கள் உருக்கினது என்ர மஹர்."

அவா கூட்டைத் தூக்கிப் பார்த்தா. "ஐயோ, அவற்ற காசு" என்றா. பிறகுதான் நான் சொன்னதன் மற்றப் பாதி அவாவுக்கு விளங்கியிருக்கவேண்டும். தலையில் கை வைத்துக்கொண்டா. நான் சிவகரனுக்குப் போன் எடுத்ததையும் வெள்ளிக்கிழமை நிக்காஹ்வையும் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவாவின் முகம் இறுகியது.

"நான் போன் எடுத்தது கலியாணத்துக்கு எவ்வளவோ முந்தி, தங்கச்சி. நீங்களும் சொல்லியிருக்கிறியள். ரெண்டு முறைப்பாடும் ஒரே பொடியனிட்ட. ஒருக்கா ரெண்டையும் சேத்து யோசிச்சிருந்தா?"

யோசித்திருந்தால் பிழையை ஒப்புக்கொள்ளவேண்டி வந்திருக்கும். அதற்காகத்தான் யோசிக்கவில்லை.

இருவரும் எழுந்து தட்டியைத் தாண்டி மேசைக்கு வந்தோம். நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சிவகரன் கேட்டுக் கேட்டு முகம் வெளுத்தான். பிறகு என்ன நினைத்தானோ, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்தான்.

"அப்ப நல்லதாப் போச்சுதே அம்மா! இந்த அம்மாவின்ர காசு கிடைச்சிட்டுது. நாங்கள் புது லேபிள் போட்டுத் தாறம். எங்கட பேஸ்புக்கில போடுறதுக்கு ஒரு படம் எடுப்பமே? ரெண்டு பேரும் கூட்டைப் பிடிச்சுக்கொண்டு ஒருக்காச் சிரியுங்கோ."

போனைத் தூக்கியே விட்டான்.

நான் வாய் திறக்கும் முன் இராசமலர் கூட்டைத் தரையில் போட்டா. கதிரையை இழுத்து அதன் காலால் ஓங்கி ஒரு இடி. பிளாஸ்ரிக் வெடித்தது. வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது.

"அம்மா! உடைச்சா எங்கட உத்தரவாதம் போயிடும்!"

"போகட்டும். இருந்து என்னத்தைக் கிழிச்சது?"

அவா குனிந்து காசை எடுத்து, ஒட்டியிருந்த மயிரை ஊதித் தள்ளி, சேலைத் தலைப்பால் துடைத்தா. என் பக்கம் திரும்பினா.

"இப்ப இது என்ர கையில இருக்கிற என்ர காசு. ஆரும் இல்லையெண்டு சொல்லேலாது. நான் மனசோட உங்களுக்குத் தாறன். உங்கட பொன் என்ர மருமகளின்ர கழுத்தில இருக்கட்டும். இது உங்கட மருமகளுக்கு."

"இது விலை கூடினது அக்கா. அவரின்ர ஞாபகமும்."

"பஞ்சுக்குள்ள கிடந்த ஞாபகம். ஒரு பிள்ளையிட்டப் போகட்டும். பிடியுங்கோ."

வாங்கினேன். சொந்தக்காரி தன் வாயால் சொல்லித் தந்த காசு. இனி என் மகன் அதை யாருக்கும் தலை நிமிர்ந்து கொடுக்கலாம். ஆனால் விரல் தன்பாட்டில் ராசாவின் தலைக்கு மேலே தடவிப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. வழவழவென்று இருந்தது.

சிவகரன் பெருமூச்சு விட்டான். "அப்ப பிரச்சினை தீந்துதுதானே அம்மா?"

"எங்கள் ரெண்டு பேருக்குள்ளயும் தீந்துது. உங்களோட எங்க தீந்தது? என்ர காசைத் தாங்கோ."

"அது..." குரலைத் தாழ்த்தினான். "அது உருகிப் போச்சே அம்மா."

"இந்த ஆக்களுக்குக் கேக்கச் சொல்லுங்கோ."

அவன் வரிசையைப் பார்த்தான். துணி முடிச்சோடும் ரின்னோடும் நின்ற அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"இந்த அம்மாவின்ர காசு உருகிப் போச்சு" என்றான்.

"ஆர் தம்பி உருக்கினது?"

அவன் இராசமலரைப் பார்த்தான். அவா கண் எடுக்காமல் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றா. கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு அவன் தலை குனிந்தான்.

"நாங்கள்தான்" என்றான்.