எபனேசரின் கட்டிலைச் சுற்றிக் கடல்

1976 அக்டோபரில், தூத்துக்குடித் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த எபனேசரின் வீட்டுக்குள் கடல் வந்தது. தெருவில் ஒரு சொட்டு ஈரமில்லை. அவர் படுத்திருந்த கட்டிலைச் சுற்றிக் கணுக்காலளவு உப்புத்தண்ணீர் நின்றது. சாளை மீன் குஞ்சுகள் அதில் திரிந்தன. மனைவி ஜீவமணி வாளியால் மொண்டு முற்றத்தில் கொட்டினாள். கொட்டக் கொட்ட ஊறியது. எதிர்க்கடை வன்னியபெருமாள் மணல் சாக்கு கொண்டுவந்து வாசலில் அடுக்கினார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். "உள்ளேருந்துல்லா ஊறுது யக்கா, சாக்கு என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டுத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

பதினைந்து வருஷத்துக்கு முன் எபனேசருக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. சென்னையில் வலது கிட்னியைப் புற்றுக்கட்டியோடு எடுத்தார்கள். கொஞ்ச காலம் ஜீவமணி அவர் தும்மினாலும் பயந்தாள். பிறகு பயப்பட மறந்துபோனாள். மகளை நாசரேத்தில் கட்டிக்கொடுத்தார்கள், புதுத் துறைமுகம் திறந்தது, அவருக்குத் தலை நரைத்தது. அப்புறம்தான் இருமல் வந்தது, கைக்குட்டையில் ரத்தம் வந்தது, அந்த வாரமே கடலும் வந்தது.

டாக்டர் தாணுலிங்கம் பேண்ட்டை மடித்துவிட்டுத் தண்ணீரில் நின்றபடியே எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நுரையீரல் இரண்டிலும் உருண்டை உருண்டையாக வெள்ளை.

"அந்தப் பழைய புற்றுதாம்மா. இங்க வந்திருக்கு."

"அதத்தான் அன்னைக்கே வெட்டி எடுத்தாச்சே டாக்டர்?"

"அப்பமே துளி ரத்தத்துல கலந்திருக்கும். இத்தன வருஷம் சும்மா கெடந்திருக்கு."

"அப்பம் இதையும் வெட்டி எடுத்திருங்க."

டாக்டர் குனிந்து செருப்பைத் தேடினார். அது மேசைக்கடியில் மிதந்துகொண்டிருந்தது. ஜீவமணி எடுத்துக் கொடுத்தாள்.

சபைப் பெண்கள் வந்து பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து ஜெபித்தார்கள். ஜீவமணி கட்டில் காலுக்குச் செங்கல் வைத்தாள். தண்ணீரும் அந்த உயரத்துக்கு ஏறியது. கிறிஸ்துமஸுக்கு வந்த மகள் தானும் ஒரு வாளி எடுத்தாள், அழுதுகொண்டே இறைத்தாள். பிப்ரவரியில் மெத்தை நனைந்தது. எபனேசருக்குப் பேச்சுக்குப் பேச்சு மூச்சு வாங்கியது.

"ஏளா, வாளியக் கீழ வையி. இங்கன வந்து இரி."

"நனைஞ்சிருவீங்களே."

"நனையட்டும்."

மாதக்கணக்காக அவள் அவர் பக்கத்தில் உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலைத் தண்ணீரில் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். செய்வதற்கு வேறொன்றும் இல்லை. மறுநாள் காலை, துறைமுகச் சங்கு ஊதி ஆட்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அந்தக் கை கனத்தது.

சவப்பெட்டி தூக்கியவர்கள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கினார்கள். தண்ணீர் வடியவில்லை. மகள் நாசரேத்துக்குக் கூப்பிட்டாள், ஜீவமணி போகவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அடுப்பை மேசைமேல் ஏற்றி, உலை வைத்தாள்.