பால்வெள்ளை வில்லை

பீங்கானைக் கண்ணாடி மாதிரி தெளிவாகச் செய்துவிடலாம் என்று நம்பி, பெங்களூர் வேலையை உதறிவிட்டுத் திண்டிவனத்துக்கு வந்தவள் நான். பெரிய கம்பெனிகள் இதற்கென்றே ராட்சச மெஷின்கள் வைத்திருக்கின்றன. சாதாரண ஃபர்னஸிலேயே மலிவாகச் செய்து காட்டுகிறேன் என்று சென்னைக் கம்பெனி ஒன்றிடம் வீராப்பாகச் சொல்லியும்விட்டேன். கேமராவுக்கு முன்னால் பொருத்துகிற வில்லை அது. மாதக் கடைசிக்குள் காட்டாவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிட்டு, பழைய வேலையைக் கெஞ்சிக் கேட்க வேண்டியதுதான்.

வந்ததெல்லாம் பால்வெள்ளை. பீங்கான் மாவில் தூசி கலந்தால், சூட்டில் அது எரிந்து பொடி ஓட்டைகளை விட்டுவிடும். அந்த ஓட்டைகள்தாம் வெள்ளையாகத் தெரியும். தண்ணீரை மாற்றினேன், மாவை மாற்றினேன், சூட்டைக் கூட்டினேன், குறைத்தேன். எதற்கும் மசியவில்லை. ஆத்திரத்தில் ஒரு வில்லையைச் சுவரில் அடித்தேன். சுவர்தான் பெயர்ந்தது.

என் கணவர் ரஞ்சித்துக்குக் கவலையே கிடையாது. "இன்னாத்துக்கு டென்ஷன் ஆயிக்கினு இருக்குற? வக்ரகாளி அம்மா பாத்துக்கும்" என்பார். தினமும் காலையில் மெஷினுக்குப் பூ வைத்து, ஷெட் முழுக்கச் சாம்பிராணி காட்டுவார். பிறந்ததிலிருந்து மூக்குக்குப் பழகிய வாசனை. நான் தலையைக்கூடத் திருப்பியதில்லை.

பௌர்ணமியன்று, "வக்ரகாளிகிட்ட சொல்லிட்டு வர்றேன்" என்று விடியும் முன்பே திருவக்கரைக்கு பஸ் ஏறிவிட்டார். அன்று நான் தனியாக மாவை அழுத்தி ஃபர்னஸில் வைத்தேன்.

மறுநாள் காலை, ஆறியதும் எடுத்துத் தேய்த்தேன். வில்லை வழியாக என் கைரேகை தெரிந்தது. அழுதேவிட்டேன்.

கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். "சந்தோஷம் மேடம். தற்செயலா வரலைன்னு தெரியணும். இதே மாதிரி இன்னொண்ணு எடுத்துக்கிட்டு வாங்க" என்றார் மேனேஜர். பயமில்லை. விழுப்புரம் ஜங்ஷனுக்கு அடுத்த மாவுப் பார்சல் வர ஒரு மாதம் ஆகும் என்றாலும், கடைசி மாவு உள் அறையில் தட்டில் தயாராக இருந்தது.

ராத்திரியே கோயிலிலிருந்து திரும்பியிருந்த ரஞ்சித்துக்குக் கேட்கும்படி, "ஏங்க, வந்துடுச்சுங்க!" என்று கத்தினேன்.

"நான் சொல்லல? அம்மா கேட்டுக்கிச்சு பாத்தியா!" உள் அறையிலிருந்து அவர் குரல் வந்தது.

வில்லையைக் கண்ணருகே வைத்து அந்தப் பக்கம் திரும்பினேன். துளி மங்கல் இல்லை. தூபக்கால், விசிறி, மூடாமல் கிடந்த மாவுத் தட்டு, அதன்மேல் சாம்பலோடு இறங்குகிற புகை, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அவர் ஊரில் இல்லாத ஒரே நாள்தான் வில்லை தெளிந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஐயோ, நிறுத்துங்க! இருக்கறதே அந்த மாவுதாங்க!"

"தெரியும். அதான் நல்லா காட்டிக்கினு இருக்கேன்" என்றார், விசிறியை நிறுத்தாமல்.